ஆகாயக் கடுதாசி

அத்தியாயம் பதினான்கு

சென்ற வாரம் அழகம்மாளைத் திட்டி எழுதிய வாசகர்கள் கொஞ்சநஞ்சம் பேர் அல்ல. மொக்கையன் முகத்துக்கு நேரே அப்படி ஒரு வார்த்தையைச் சொல்லலாமா என்று கேட்டிருந்தார்கள். சொல்லக் கூடாதுதான். ஆனால் ஒன்பது வருஷமாக ஒரே ஒரு தம்பியின் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தவள் வாயில் அன்றைக்கு வேறு என்ன வரும்?

இந்த வாரம்தான் புதிதாகப் படிக்க உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கீழக்குயில்குடி முத்துக்கருப்பனுக்கும் அழகம்மாளுக்கும் ஒரே மகள், ராக்கு. ஆறு வயது முடிந்தும் அவளுக்குக் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் குத்த வேண்டும். அந்தத் தாய்மாமன் கருத்தக்கண்ணன் சிங்கப்பூரில், ஆகாய விமானம் வந்து இறங்கும் திடலில் வேலை பார்க்கிறான். தபால் பைகளை விமானத்தில் ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும். அக்காள் மகளை அவன் இன்னும் கண்ணால் பார்த்ததில்லை.

மாசி பிறந்த இரண்டாம் நாள் அவனிடமிருந்து ஒரு கடுதாசி வந்தது. வர முடியவில்லை என்று எழுதியிருந்தான். மூன்று நாள் அழகம்மாள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. வேறு வழியில்லாமல் அழகம்மாளின் பெரியப்பா மகன் மொக்கையன் மடியில் பிள்ளையை உட்கார்த்துவது என்று பேசி முடித்தார்கள். ஒரே வாரத்தில் இன்னொரு கடுதாசி வந்தது. புறப்பட்டு வருகிறேன் என்று இருந்தது அதில். அவ்வளவுதான். அழகம்மாள் நேரே மொக்கையன் வீட்டு வாசலில் போய் நின்று, "எந்தம்பி வாரான். இரவல் மடி இனி எங்களுக்கு வேண்டாம்ணே" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். ராக்குவுக்காக அவன் ஆசை ஆசையாக எடுத்து வைத்திருந்த பச்சைப் பாவாடையை ஏறிட்டும் பார்க்கவில்லை.

இன்று மாசி இருபது. நாளைக் காலையில் மலையடிவாரத்து அய்யனார் கோயிலில் காது குத்து. இன்று காலை மதுரை ஸ்டேஷனுக்கு வந்துவிடுவதாகக் கருத்தக்கண்ணன் எழுதியிருந்தான்.

*

முத்துக்கருப்பன் வண்டி பூட்டும்போது இன்னும் நன்றாக விடியவில்லை. அழகம்மாள் அதற்கு முன்பே குளித்துவிட்டாள். கம்பு இடித்து, கூழ் காய்ச்சி, மோர் மிளகாய் வறுத்து எடுத்து வைத்திருந்தாள். சிங்கப்பூரிலிருந்து வருகிற ஆளுக்குக் கம்மங்கூழா என்று முத்துக்கருப்பன் கேட்கவில்லை. அவள் மனசில் தம்பிக்கு இன்னும் பதினெட்டு வயதுதான் என்பது அவனுக்குத் தெரியும்.

இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருக்கும், கிணற்றில் குதித்தபோது பட்டது, அதை வைத்து அடையாளம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நாலு தடவை சொன்னாள். இரண்டாவதாக வந்த கடுதாசியை மடித்து அவன் கையில் கொடுத்தாள். ஸ்டேஷனில் யாராவது கேட்டால் காட்டலாமாம். ஸ்டேஷனில் யார் கேட்கப் போகிறார்கள்? இருந்தாலும் வாங்கி மடியில் செருகிக்கொண்டான்.

முதலில் வந்த கடுதாசியும் அங்கேதான் இருந்தது. அதைக் கிழித்து எறியச் சொல்லி அவள் அன்றைக்கே சொல்லியிருந்தாள். அவன் கிழிக்கவில்லை. அதன் உறையில் ஒட்டியிருந்த நீலச் சீட்டு வேண்டும் என்று ராக்கு கேட்டிருந்தாள். பிய்த்துக் கொடுக்க நேரம் வாய்க்காமல் அப்படியே கிடந்தது.

வண்டி கிளம்பும்போது ராக்கு ஓடி வந்து, மாமாவை வண்டியில் முன்னால் உட்கார வைக்க வேண்டும், பின்னால் வைத்தால் தூக்கிப் போடும் என்று சொல்லி அனுப்பினாள்.

*

திருச்சி வண்டி வந்து நின்றது. நாகப்பட்டினத்தில் கப்பல் இறங்கியவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அதில் வந்தார்கள். தகரப் பெட்டி, குடை, கழுத்தில் சால்வை. வெளியூர்க்காற்றுப் பட்ட முகம் தனியாகத் தெரியும். முத்துக்கருப்பன் ஒவ்வொரு புருவமாகப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஒருவன் அவனைப் பார்த்துச் சிரித்தான். முத்துக்கருப்பன் கையைத் தூக்கிவிட்டான். அந்த ஆள் அவனைத் தாண்டிப் போய், பின்னால் நின்ற ஒரு கிழவரின் காலில் விழுந்தான். தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் முத்துக்கருப்பன் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டான்.

மத்தியான வண்டியும் வந்து போனது. பிளாட்பாரத்தில் பெருக்குகிற அம்மாள் வந்து, யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். மச்சானுக்கு என்றான். அவள் அவன் காலடியைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போனாள்.

கப்பல் தாமதமோ என்னவோ, யூனுஸ் பாயைக் கேட்டால் தெரியும் என்று அப்போதுதான் தோன்றியது. காஜிமார் தெரு ஸ்டேஷனுக்குப் பக்கம்தான். அங்கே யூனுஸ் துணிக்கடை வைத்திருக்கிறார். அவருடைய தம்பி அப்துல் வஹீது சிங்கப்பூரில் கடை போட்டிருக்கிறார். கருத்தக்கண்ணனை அந்தக் காலத்தில் கப்பலேற்றி விட்டதே யூனுஸ்தான்.

*

யூனுஸ் அவனை உட்கார வைத்து, சர்பத் வாங்கிக் கொடுத்து, விஷயத்தைக் கேட்டார். கப்பல் தாமதமெல்லாம் இல்லை, முந்தாநாளே நாகப்பட்டினத்தில் ஆட்கள் இறங்கிவிட்டார்கள் என்றார். பிறகு கடுதாசியைக் கொடு பார்ப்போம் என்று கையை நீட்டினார்.

முத்துக்கருப்பன் மடியிலிருந்து எடுத்தபோது இரண்டும் சேர்ந்து வந்தன.

யூனுஸ் இரண்டையும் விரித்து வைத்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"மாப்ள, இதுல எது மொதல்ல வந்துச்சு?"

"நீலச் சீட்டு ஒட்டுனது, பாய். வரமுடியலன்னு எழுதுனது. அது மாசி ரெண்டாந்தேதி வந்துச்சு. இது ஒம்போதாந்தேதி."

"நான் வந்ததக் கேக்கல. எழுதுன தேதிய யாராச்சும் பாத்தீகளா?"

யாரும் பார்க்கவில்லை. கீழக்குயில்குடிக்குக் கடுதாசி வந்தால் தபால்காரர் விருமாண்டியே உட்கார்ந்து படித்துக் காட்டிவிடுவார். 'இவ்விடம் சுகம், அவ்விடம் சுகமா' என்பதிலிருந்து தொடங்குவார். மேல்மூலையில் இருக்கும் தேதியை அவர் படித்ததும் இல்லை, ஊரில் யாரும் கேட்டதும் இல்லை. நேற்று வந்தது பழசு, இன்று வந்தது புதுசு. அப்பன் பாட்டன் காலத்திலிருந்து கடுதாசிக்கு அதுதானே கணக்கு?

யூனுஸ் பக்கத்தில் நின்ற இரண்டு கம்பிகளைக் காட்டினார். ஒன்றில் கப்பலில் வந்த கடுதாசிகளும், மற்றதில் ஆகாயத்தில் வந்தவையும் குத்தியிருந்தன. முன்பெல்லாம் ஒரே கம்பிதானாம். போன வருஷம் தம்பிக்கு ஆண்பிள்ளை பிறந்த செய்தி பறந்து வந்தது. வீட்டில் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தார்கள். பத்து நாள் கழித்து, தம்பி மனைவி சைனபுக்கு மாதம் நெருங்குகிறது, துஆச் செய்யுங்கள் என்று கப்பலில் ஒரு கடுதாசி வந்து சேர்ந்தது. யூனுஸின் மனைவி சபியா அதைக் கேட்டுவிட்டு, பிறந்த பிள்ளைக்கே மறுபடியும் நேர்ச்சை வைத்துவிட்டாளாம். அதற்குப் பிறகுதான் இரண்டாவது கம்பி வந்தது.

வேறொரு நாளாக இருந்தால் முத்துக்கருப்பன் சிரித்திருப்பான்.

அவனுக்குப் புரியும்படி யூனுஸ் சொன்னார். புறப்பட்டு வருகிறேன் என்று கருத்தக்கண்ணன் எழுதியது தை பன்னிரண்டில். அதற்கு முதல்நாள்தான் ஒரு கப்பல் போயிருக்கிறது. அடுத்த கப்பலுக்கு அந்தக் கடுதாசி இரண்டு வாரம் கரையிலேயே கிடந்து, பினாங்கு போய், கடல் தாண்டி, நாகப்பட்டினத்தில் இறங்கி ரயிலேறி வர இருபத்தாறு நாள் ஆகிவிட்டது. நடுவில் துரை லீவு இல்லை என்று சொல்லிவிட்டார். அக்காள் காத்துக் கிடக்கக் கூடாதே என்று தை இருபத்து நாலில் நீலச் சீட்டு ஒட்டி ஆகாயத் தபாலில் எழுதியிருக்கிறான். அது ஏழே நாளில் வந்துவிட்டது.

"பிந்தி எழுதுனது முந்தி வந்துருச்சு, மாப்ள. கப்பல்ல வந்தது பழைய கடுதாசி. அவன் வரல."

'முன்னே எழுதினபடி வர முடியவில்லை' என்று அந்த நீலச் சீட்டுக் கடுதாசியில் ஒரு வரி இருக்கத்தான் செய்தது. முன்னே என்றால் போன வருஷம் எழுதியது என்று இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். போன வருஷமும் வருகிறேன் என்றுதானே எழுதியிருந்தான்.

கடைச் சுவரில் ஒரு தேசப்படம் தொங்கியது. சிங்கப்பூருக்கும் மதுரைக்கும் நேராகக் கோடு போட்டால் ஆயிரத்து எண்ணூறு மைல் சொச்சம் என்று யூனுஸ் விரலால் இழுத்துக் காட்டினார். அப்படிப் பறக்க முடிந்தால் ஒரு பகலும் ஒரு இரவும்கூட ஆகாதாம். ஆனால் நடுக்கடலில் இறங்கிப் பெட்ரோல் போட இடம் ஏது? அதனால் விமானம் கரையைப் பிடித்துக்கொண்டு பாங்காக், ரங்கூன் என்று இறங்கி இறங்கி மூன்றாம் நாள் கல்கத்தாவுக்கு வருகிறது. அங்கிருந்து ரயில். ஏறக்குறைய இரண்டு பங்கு தூரம்.

முத்துக்கருப்பன் அந்த நேர்க்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சாண்கூட இல்லை.

அந்த நீலச் சீட்டுக் கடுதாசியை முழுசாக ஒரு தடவை படித்துக் காட்டச் சொன்னான். யூனுஸ் படித்தார். கடைசியில் இருந்த நாலு வரியை இரண்டு தடவை படிக்கச் சொல்லி மனசில் வாங்கிக்கொண்டான். கிளம்பும்போது யூனுஸ் நீலச் சீட்டு ஒட்டிய ஒரு புது உறையை எடுத்துக் கொடுத்து, பதிலை இதில் போடு, சீக்கிரம் போய்ச் சேரும் என்றார்.

*

திரும்பி வரும் வழியெல்லாம் வெயில். மாடுகள் அவற்றின் இஷ்டத்துக்கு நடந்தன. நாகமலை கண்ணுக்குத் தெரிந்தும் வெகுநேரம் பக்கத்தில் வரவே இல்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முத்துக்கருப்பனுக்குள் ஓர் ஓரத்தில் கொஞ்சம் நிம்மதி இருந்தது. அதற்காக அவனுக்கே அவன்மேல் வெறுப்பாக இருந்தது. கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் ஒன்பது வருஷம் அவன் பெண்டாட்டி தம்பி போன தெற்குத் தெருமுனையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கஞ்சி ஊற்றும்போதும், களை எடுக்கும்போதும், பிள்ளை பெற்றுப் படுத்திருந்தபோதும் அவள் நினைப்பில் பாதி அங்கேதான். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள், அப்படித்தான் இருப்பாள் என்று அவன் பொறுத்துக்கொண்டான். ஆனால் பக்கத்தில் ஆள் இருக்கும்போதே தனியாக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை யாரிடம் சொல்வது? வண்டி மாட்டிடம்கூட அவன் சொன்னதில்லை.

இன்றைக்கு இதை அவளிடம் சொல்லியாக வேண்டும். மறைக்கலாமா என்றும் யோசித்தான். நாளை வண்டியில் வருவான் என்று சொன்னால் இன்னொரு நாள் ஓடும். ஆனால் நாளைக்கு ஆசாரி வந்துவிடுவார், சொந்தக்காரர்கள் வந்துவிடுவார்கள். பிள்ளை எந்த மடியில் உட்காரும்?

*

அழகம்மாள் தாமரைக் குளத்தங்கரையில் ராக்குவோடு நின்றுகொண்டிருந்தாள். வண்டி திரும்பும்போதே ஒரு தலைதான் தெரிகிறது என்பதைப் பார்த்துவிட்டாள். முகத்தைத் திருப்பிக் குளத்தைப் பார்த்துக்கொண்டாள்.

அவன் இறங்கி வந்து எல்லாவற்றையும் சொன்னான். தை பன்னிரண்டு, தை இருபத்து நாலு, கப்பல், விமானம் என்று யூனுஸ் சொன்னபடியே சொன்னான். அவள் குளத்தைப் பார்த்தபடியே கேட்டாள். ராக்கு மட்டும் வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, மாமா பின்னால் நடந்து வருகிறாரா என்று கேட்டாள்.

"கடைசியில நாலு வரி எழுதியிருக்கான். நீ அன்னிக்கு வரமுடியலங்கிறதக் கேட்டதும் எந்திரிச்சுப் போயிட்ட" என்றான் முத்துக்கருப்பன். பிறகு மனப்பாடமாகச் சொன்னான்.

"தபால் பையத் தூக்கி உள்ள வைக்கையில, இது மூணே நாள்ல கல்கத்தா போயிருமேன்னு நெனச்சுக்கிருவேன் அக்கா. கதவச் சாத்தி அது கெளம்புனப்புறம் தெடல்ல நான் மட்டும் நிப்பேன். எம்புட்டு நேரம் நிப்பேன்னு எனக்கே தெரியாது."

அழகம்மாள் அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். ராக்கு பயந்துபோய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். முத்துக்கருப்பன் மாட்டின் நுகத்தைப் பிடித்தபடி நின்றான். நகர்ந்து போய் அவள் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று இருந்தது. பழக்கமில்லாததால் கால் வரவில்லை.

வெகுநேரம் கழித்து அவள் பிள்ளையின் காதைத் தடவினாள்.

"மூளிக்காதுன்னு ஊரே இவளக் கேலி பண்ணுது. அப்பவும் நான் விடல. ஏன் தெரியுமா? இது குத்தாமக் கெடக்குற வரைக்கும் அவனுக்கு இங்க வர ஒரு காரியம் இருக்கு. குத்திட்டா அவன் எதுக்கு வரணும்?"

இதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் இல்லை. சொன்ன பிறகு எழுந்து முகத்தைக் கழுவினாள். நாளைக்குக் காது குத்து நடக்கும் என்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மொக்கையன் வீட்டுப் பக்கம் நடந்தாள். முத்துக்கருப்பன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனான்.

*

மொக்கையன் வாசலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி சின்னத்தாய் இவர்களைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை.

அழகம்மாள் நின்றபடியே சொன்னாள். தம்பி வரவில்லை, கடுதாசியை மாற்றிப் புரிந்துகொண்டோம், அன்றைக்குச் சொன்ன வார்த்தை தப்பு, பிள்ளைக்கு மடி வேண்டும், நீயும் கூடப்பிறந்தவன்தானே என்றாள்.

மொக்கையன் கையை நிறுத்தாமல் கேட்டான். "உந்தம்பி வரலைன்னதும் நான் கூடப்பொறந்தவனாயிட்டேன், அப்படித்தான?"

இல்லை என்று சொல்லிவிட வாயெடுத்தாள். ஆனால் பொய் சொல்ல அவளுக்கு அன்றைக்குத் தெம்பு இல்லை.

"ஆமாண்ணே" என்றாள்.

அவன் கயிற்றிலிருந்து கண்ணை எடுத்து அவளை ஒருமுறை பார்த்தான். பிறகு ராக்குவைப் பார்த்தான். அவள் அப்பன் தோளில் சாய்ந்துகொண்டு ஒரு விரலைக் காதில் வைத்திருந்தாள்.

"காலையில பாப்போம்" என்று சொல்லிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போய்விட்டான். பாப்போம் என்றால் வருவான் என்றா, வரமாட்டான் என்றா? அது அய்யனாருக்கே வெளிச்சம். திரும்பும்போது சின்னத்தாய் கதவோரம் நின்றாள்.

*

விளக்கு வைத்த நேரம். கூழ்ப்பானை மூடியது மூடியபடி இருந்தது. அழகம்மாள் அதைத் திறந்து மூன்று பேருக்கும் ஊற்றினாள். தம்பிக்கென்று எடுத்து வைத்த கும்பாவை எடுத்துப் புருஷன் முன்னால் வைத்தாள். முத்துக்கருப்பன் அதைக் கவனிக்காதவன்போல் குடித்தான். ஆனால் கவனித்தான்.

பிறகு மடியிலிருந்து யூனுஸ் கொடுத்த புது உறையை எடுத்து வைத்தான். காலையில் விருமாண்டி வந்தால் பதில் எழுதச் சொல்லலாம் என்றான். பழைய உறையின் நீலச் சீட்டைப் பிய்த்து ராக்குவிடம் கொடுத்தான். அவள் அதை எச்சில் தொட்டுக் காதில் ஒட்டிப் பார்த்தாள். ஒட்டவில்லை.

அழகம்மாள் புது உறையைக் கையில் எடுத்தாள். கனமே இல்லை.

"இது அங்க போய் எறங்கயில, பைய யாரு எறக்குவா?"

"அவந்தான். அதுதான அவன் வேல."

"அவன் கைதான் மொதல்ல தொடுமா?"

"தொடும். ஆனா உள்ள ஒன் கடுதாசி இருக்கிறது அவனுக்குத் தெரியாது. அது டவுனுக்குப் போயி, பிரிச்சு, மறுபடியும் அவங்கிட்ட வரணும்."

அவள் உறையை மடியில் வைத்துக்கொண்டாள். ராக்கு அவள் தொடையில் தலை வைத்துப் படுத்திருந்தாள். பிள்ளையின் காதை அழகம்மாள் விரலால் மெல்ல நீவிவிட்டாள். நாளைக்கு இதே நேரத்தில் அதில் ஒரு துளை இருக்கும்.

"தெரியாட்டிப் போகுது" என்றாள். "பிள்ளையத் தூக்கத்தான் அவனுக்குக் குடுத்து வைக்கல. பையையாச்சும் தூக்கட்டும்."